அவள் சொல்லுக்கு யார் சாட்சி?

‘நான் பெண் இல்லையா?’ என்ற, அடிமையாகப் பிறந்து பெண்ணுரிமைக்காகப் பேசிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி சொஜர்னர் ட்ரூத்தின் மேற்கோளை முன்வைத்து, கறுப்பினப் பெண்களின் போராட்டமும் வலிமையும் இலக்கியத்திலும் சமூகத்திலும் எவ்வாறு பதிவாகியிருக்கின்றன, இவற்றை வாசிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கரீபியத் தீவுகளுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் தனித்தனி வரலாறுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பதிலில் திணித்தால் எதுவும் உருப்படியாக வராது. நீங்கள் கொடுத்த மேற்கோளிலிருந்தே தொடங்குவதுதான் பொருத்தம், ஏனென்றால் ட்ரூத் அதை அந்தச் சொற்களில் சொன்னார் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

1851 மே 29 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார் என்பது உறுதி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அந்தப் பேச்சு பிறர் எழுதிவைத்த வடிவங்களில்தான் நமக்குக் கிடைக்கிறது. அடுத்த மாதமே அடிமை ஒழிப்பு இதழொன்றில் மரியஸ் ராபின்சன் வெளியிட்ட பதிவில் இந்தப் புகழ்பெற்ற வரி இல்லை. எந்த ஆணுக்கும் குறையாத உடல்வலு எனக்கும் உண்டு, நானும் உழுதிருக்கிறேன், அறுவடை செய்திருக்கிறேன் என்று அவர் நேரடியாக வாதாடுவதே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863இல், அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளையினப் பெண்மணி தம் நினைவிலிருந்து இன்னொரு வடிவத்தை எழுதி வெளியிட்டார். ‘நான் பெண் இல்லையா’ என்பது திரும்பத் திரும்ப ஒலிப்பது அதில்தான். அதில் ட்ரூத் தென்மாநில அடிமைகளின் கொச்சை வழக்கில் பேசுகிறார். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றதாகவும் சொல்கிறார். உண்மையில் அவர் வடக்கே நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில், டச்சு பேசும் குடும்பங்களிடம் அடிமையாகப் பிறந்தவர்; அவர் முதலில் கற்ற மொழி டச்சு; பெற்ற பிள்ளைகள் ஐவர்.

கேஜ் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நான் கருதவில்லை. அடிமைத்தனத்தை எதிர்த்தவர் அவர், ட்ரூத்தை மெய்யாகவே வியந்தவர். ஆனால் வியப்பவர்கூட, ‘அடிமைப் பெண் இப்படித்தான் பேசியிருப்பாள்’ என்று தம் மனத்தில் இருந்த குரலைத்தான் அவர் வாயில் வைத்தார். 1828இலேயே, சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட தன் மகன் பீட்டரை நீதிமன்றம் ஏறி மீட்டவர் ட்ரூத். கறுப்பினப் பெண் ஒருவர் வெள்ளையர்மீது வழக்குத் தொடுத்து வென்ற மிகத் தொடக்ககால நிகழ்வுகளுள் அது ஒன்று. அப்படிப்பட்டவரின் பேச்சே திருத்தி எழுதப்பட்ட வடிவில்தான் உலகம் சுற்றுகிறது.

இந்தச் சிறு திருத்தத்தில் எனக்கு முழு வரலாறும் தெரிகிறது. கறுப்பினப் பெண்களின் போராட்டம் என்றால் சாட்டையும் பருத்திக்காடும் கண்முன் வரும், அவை உண்மையே. ஆனால் எழுத்து என்று வரும்போது, தான் சொன்னது தன் சொல்லாகவே நிற்க வேண்டும், அதற்கு இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதுதான் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் போராட்டம் என்பது என் துணிபு.

இதன் முதல் காட்சி பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. 1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பலில் ஒரு சிறுமி இறக்கப்பட்டாள். முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்து ஏழு, எட்டு வயது இருக்கும் என்று கணக்கிட்டார்கள். கப்பலின் பெயர் பில்லிஸ், வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. இரண்டையும் சேர்த்து அவளுக்குப் பெயராக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே ஆங்கிலம் கற்று, லத்தீனும் படித்து, பதின்வயதில் கவிதை எழுதத் தொடங்கினார் பில்லிஸ் வீட்லி. 1773இல் லண்டனில் வெளிவந்த அவருடைய தொகுப்பின் முகப்பில், இவற்றை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று நம்புகிறோம், தகுதியுள்ள நடுவர்கள் அவளைச் சோதித்திருக்கிறார்கள் என்று பாஸ்டனின் பதினெட்டுப் பெரிய மனிதர்கள் கையொப்பமிட்ட அறிவிப்பு இருந்தது. ஆளுநர் ஹச்சின்சனும், பின்னாளில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக்கும் அவர்களுள் அடக்கம். அந்தக் கையொப்பங்களும் போதவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் அவரைக் கவிஞர் என்று ஏற்கவே மறுத்தார். அவர் பெயரில் வெளியான கவிதைகள் விமர்சனத்துக்குக்கூடத் தகுதியற்றவை என்று எழுதினார். விடுதலை பெற்ற பிறகு வீட்லி திட்டமிட்ட இரண்டாம் தொகுப்புக்குப் போதிய ஆதரவு திரளவில்லை. 1784இல், ஏறத்தாழ முப்பத்தொரு வயதில், வறுமையில் இறந்தார்.

அடுத்து வருபவரிடம் சற்று நின்று பேச விரும்புகிறேன்; எங்கிருந்து தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்கு என் விடையும் அவரே. ஹேரியட் ஜேக்கப்ஸ் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். அவர் கதையைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662இலேயே வர்ஜீனியாவில் சட்டம் வந்துவிட்டது. பிற அடிமைக் குடியேற்றங்களும் அதையே பின்பற்றின. ஆங்கிலேயரின் வழக்கப்படி பிள்ளை தந்தையின் வழியைச் சேரும்; அடிமைகளுக்கு மட்டும் அது தலைகீழாக்கப்பட்டது. எசமானே அடிமைப் பெண்ணைக் கெடுத்தாலும் பிறக்கும் பிள்ளை அவனுக்கு வாரிசாகாது, சொத்தாகும். வன்முறை அவனுக்குக் குற்றமாகாததோடு வரவாகவும் ஆயிற்று. அடிமைத்தனம் ஆண்களுக்குக் கொடியது, பெண்களுக்கு அதைவிடப் பன்மடங்கு கொடியது என்று ஜேக்கப்ஸ் எழுதுவது புலம்பல் அல்ல, சட்டத்தின் விளக்கம்.

பதின்வயதிலிருந்தே மருத்துவர் ஜேம்ஸ் நார்காம் பாலியல் இச்சையோடு அவரைத் துரத்தினார். சட்டப்படி அவருக்கு உரிமையாளர் நார்காமின் சிறு மகள். கட்டுப்பாடு முழுவதும் தகப்பன் கையில். நார்காமிடமிருந்து தப்பும் வழியாக, ஊரிலிருந்த வேறொரு வெள்ளையரான வழக்கறிஞர் ஒருவருடன் உறவு கொண்டு இரு பிள்ளைகளைப் பெற்றார் ஜேக்கப்ஸ். அக்கால வாசகர்கள் கற்பு என்று எதைப் போற்றினார்களோ அதற்கு இது முரண் என்பதை அவர் அறிந்திருந்தார், மறைக்காமல் எழுதினார், தெரிவு செய்யும் உரிமையே இல்லாதவளைச் சுதந்திரப் பெண்ணின் அளவுகோலால் அளக்கலாகாது என்றும் எழுதினார். என் பார்வையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மிகத் துணிவான வாக்குமூலங்களுள் அது ஒன்று.

1835இல் அவர் ஓடி ஒளிந்தார். நார்காம் நூறு டாலர் பரிசு அறிவித்து நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். அவள் தடங்கலின்றிச் சரளமாகப் பேசக்கூடியவள் என்ற அடையாளமும் அதில் இருந்தது. அவருடைய சொல்வன்மைக்கு முதல் நற்சான்று எழுதியவர் அவரை வேட்டையாடியவரே என்பதை நினைத்தால் சிரிப்பதா, வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த ஊரிலேயே, விடுதலை பெற்றிருந்த தன் பாட்டியின் வீட்டுப் பண்டகக் கொட்டகைக்கு மேல், கூரைக்கு அடியிலிருந்த பரணில் ஜேக்கப்ஸ் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பதுங்கியிருந்தார். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு அடி, மிக உயர்ந்த இடத்தில் மூன்று அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. எலிகள் மேலே ஓடும். கோடையில் கூரை கொதிக்கும். துளையொன்றைப் போட்டுக்கொண்டு, கீழே விளையாடும் தன் பிள்ளைகளை அதன் வழியே பார்த்திருந்தார். அம்மா தங்கள் தலைக்கு மேலேயே இருப்பது நெடுங்காலம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

அந்த இருட்டில் அவர் எழுதினார். தான் வடக்கே தப்பிப் போய்விட்டதாக நம்பவைக்கக் கடிதங்கள் தயாரித்தார். நியூயார்க் நாளிதழ் ஒன்றிலிருந்து தெருப்பெயர்களை எடுத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவர் மூலம் அவற்றை அங்கிருந்தே அஞ்சலில் சேர்க்கச் செய்தார். பாட்டிக்கு எழுதிய கடிதத்தைக் கைப்பற்றிய எசமான், அதில் இருந்ததை விட்டுவிட்டு, அவள் மனம் வருந்தித் திரும்பிவர விரும்புகிறாள் என்று தானே புனைந்த ஒன்றைப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினார். உண்மையான கடிதத்தை எழுதியவர் மறைவிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் எழுத்து அவள் காதுபடவே மாற்றி வாசிக்கப்படும் இந்தக் காட்சிக்கு ஈடான ஒன்றை எந்த நாவலிலும் நான் படித்ததில்லை. ஆனாலும் பொறியில் விழுந்தவர் எசமான்தான்; தேடுதல் வடக்கு நோக்கித் திரும்பியது.

1842இல் படகில் தப்பி வடக்கே சேர்ந்த பிறகும் சொல்லுக்கான வழக்கு தீரவில்லை. அடிமை ஒழிப்பு நாவலால் உலகப்புகழ் பெற்றிருந்த ஹேரியட் பீச்சர் ஸ்டோவிடம் தம் கதையைச் சொல்ல ஜேக்கப்ஸ் ஒருவர் வழியாக முயன்றபோது, ஸ்டோ அவருக்கு நேரே பதில் எழுதவில்லை. கடிதத்தை ஜேக்கப்ஸ் செவிலியாக வேலை செய்த வீட்டு அம்மையாருக்கே அனுப்பி, இதெல்லாம் உண்மையா என்று விசாரித்தார். உண்மையானால் தம் அடுத்த நூலில் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பிள்ளைகளின் தகப்பன் யார் என்பதை அதுவரை அந்த அம்மையாரிடம் ஜேக்கப்ஸ் சொல்லியிருக்கவில்லை. மனம் புண்பட்டாலும் விளைவு நல்லதாயிற்று: தாமே எழுதுவதென்று முடிவு செய்தார். பகலெல்லாம் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் களவாக எழுதினார். 1861இல் புனைபெயருடன் நூல் வெளிவந்தபோது தலைப்புப் பக்கத்தில் ‘அவள் தானே எழுதியது’ என்ற சொற்கள் இருந்தன. முன்னுரை எழுதிய வெள்ளையின எழுத்தாளர் லிடியா மரியா சைல்டும், பின்னிணைப்பு எழுதிய நண்பர்களும் அதற்குச் சாட்சி சொன்னார்கள். அப்படியும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வரலாற்றாசிரியர்கள் அதைச் சைல்ட் எழுதிய கற்பனை என்றே ஒதுக்கினார்கள். அடிமைகளின் வாழ்வை ஆராய்ந்த, கறுப்பினத்தவரான ஜான் பிளாசிங்கேமும்கூட 1972இல் அதை ஏற்கவில்லை. ஜேக்கப்ஸ் தம் தோழி ஏமி போஸ்டுக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டு ஆய்வாளர் ஜீன் ஃபேகன் யெலின் 1981இல் கட்டுரையாகவும் 1987இல் செம்பதிப்பாகவும் நிறுவிய பிறகுதான், ‘அவள் தானே எழுதியது’ என்பதன் நேர்ப்பொருளைக் கல்வியுலகம் நம்பியது. நூற்றிருபது ஆண்டுத் தாமதம்.

இனி வலிமைக்கு வருவோம். இந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது என்பதால்தான் இதை முதலில் எடுக்கவில்லை. கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள் என்ற புகழ்ச்சி, அவளுக்கு வலிப்பதில்லை என்று எளிதில் பொருள்பட்டுவிடும். 1840களில் அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்கா, பெட்சி, லூசி என்ற அடிமைப் பெண்கள்மீது மயக்கமருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சை பழகினார். அனார்காமீது மட்டும் ஏறத்தாழ முப்பது முறை. அவர் பெண்நோய் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்டு, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் சிலையாக நின்றார். 2018இல்தான் அந்தச் சிலை அகற்றப்பட்டது. பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்க் கருத்துகளுள் ஒன்றையாவது நம்பினார்கள். 2021ஆம் ஆண்டின் அரசுக் கணக்கில், ஒரு லட்சம் பிரசவங்களுக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தனர். வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர். உலகப்புகழ் பெற்ற டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸே 2017இல் பிரசவத்துக்குப் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டு இருக்கிறது என்று தாமாகவே உணர்ந்து சொன்னபோது, வலிமருந்தின் மயக்கத்தில் குழம்பிப் பேசுகிறார் என்றுதான் செவிலியர் முதலில் எண்ணினார். வற்புறுத்திப் பரிசோதிக்க வைத்ததால் பிழைத்தார். கவிதையில் தொடங்கிய அதே நம்பாமை இங்கே மருத்துவமனைப் படுக்கையருகில் நிற்கிறது.

சட்டமும் அவர்களை நம்பாத விதம் விசித்திரமானது. ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்ற விதியால் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெண்களை எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். அவர்கள் வெள்ளையினப் பெண்கள். இனப்பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் சேர்த்துப் புதுவகைக் குறையொன்றை எழுப்ப முடியாது என்றும் சொன்னது. இதை ஆராய்ந்துதான் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் நாற்சந்தி (இன்டர்செக்‌ஷன்) உவமையை முன்வைத்தார்: சந்தியின் நடுவில் நிற்பவள்மீது எந்தத் திசை வண்டியும் மோதலாம், எல்லாத் திசையிலிருந்தும் மோதலாம், எந்த வண்டி என்று துல்லியமாகச் சொன்னால்தான் சிகிச்சை என்றால் அவள் சாக வேண்டியதுதான். இன்று கருத்தரங்குகளில் தேய்ந்துபோன கலைச்சொல்லாகிவிட்ட இதன் பிறப்பிடம் ஒரு தொழிற்சாலைச் சம்பளப் பட்டியல் என்பதை மறந்துவிடுகிறோம்.

கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன், அடிமைப் பெண் மனிதரா சொத்தா என்ற வழக்கையே நாவலாக்கினார் என்று சொல்லலாம். 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹையோ நதியைக் கடந்து தப்பிய மார்கரெட் கார்னர், பிடிபடும் தருணத்தில், மீண்டும் அடிமையாகக் கூடாதென்று தன் இரண்டு வயது மகளைக் கொன்றார். அவர்மீது கொலைவழக்கு நடத்துங்கள் என்று கேட்டவர்கள் அடிமை ஒழிப்பாளர்கள்; கொலைக்கு விசாரித்தால் அவர் மனிதர் என்றும், அது அவர் பிள்ளை என்றும் ஒப்புக்கொண்டதாகிவிடும். சட்டம் அவரைச் சொத்தாகக் கருதித் திருப்பி அனுப்பியது. பதிப்பாசிரியராக வேலை செய்தபோது கண்ணில் பட்ட பழைய இதழ்ச் செய்தி ஒன்றிலிருந்து மாரிசன் 1987இல் எழுதிய நாவல், அந்தத் தாயை வலிமையின் சின்னமாக உயர்த்தவும் இல்லை, குற்றவாளியாகத் தாழ்த்தவும் இல்லை. கொல்லப்பட்ட பிள்ளையையே திரும்பி வரவைத்துக் கணக்குக் கேட்கச் செய்கிறது. அதற்கு முக்கியப் பரிசுகள் கிடைக்காதபோது, 1988 ஜனவரியில் நாற்பத்தெட்டுக் கறுப்பின எழுத்தாளர்களும் விமர்சகர்களும் கையொப்பமிட்ட அறிக்கை நியூயார்க் டைம்ஸில் வெளிவந்தது. சில வாரங்களில் புலிட்சர் பரிசு வந்தது. பரிசுக்குக் கையொப்பம் திரட்டுவதா என்று அன்றே முணுமுணுத்தார்கள். எனக்கும் அந்த முறையில் முழு உடன்பாடு இல்லை. ஆயினும் வீட்லிக்குக் கையொப்பமிட்ட பதினெட்டுப் பேரையும் இந்த நாற்பத்தெட்டுப் பேரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே கையெழுத்துப் போட்டவர்கள் ஆள்வோர்; இங்கே சக எழுத்தாளர்கள். அங்கே சோதிக்கப்பட்டது கவிஞரின் தகுதி. இங்கே நடுவர்களின் தகுதி. ஐந்து ஆண்டுகளில், 1993இல், நோபல் பரிசும் வந்தது.

வாசிப்பதற்கு ஜேக்கப்ஸின் நூலை (Incidents in the Life of a Slave Girl) முதலில் எடுங்கள். பிறகு மாரிசனின் 1970ஆம் ஆண்டு முதல் நாவல் (The Bluest Eye), அதன்பின் 1987ஆம் ஆண்டு நாவல் (Beloved). இரண்டுக்கும் இடையில் சோரா நீல் ஹர்ஸ்டனின் 1937ஆம் ஆண்டு நாவலைக் (Their Eyes Were Watching God) கட்டாயம் வாசியுங்கள். ஃபுளோரிடாவின் ஈட்டன்வில், கறுப்பினத்தவரே ஆண்ட சிற்றூர்; அந்த ஊர்த் திண்ணைப் பேச்சில் வளர்ந்த ஹர்ஸ்டன், கேஜ் வெளியிலிருந்து ஒட்டவைத்த கொச்சைக்கு நேர் எதிராக, தம் மக்களின் வழக்கை உள்ளிருந்து எழுதினார். மூன்று திருமணங்கள் செய்து, ஆசைப்பட்டு, சிரித்து, துயருற்று வாழும் பெண்ணே கதையின் நாயகி. சக கறுப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட் இதில் கருத்தோ செய்தியோ இல்லை என்று எழுதினார்; வெள்ளையரை மகிழ்விக்கும் கோமாளித்தனம் என்ற குற்றச்சாட்டும் அதில் இருந்தது. கரிசல் வழக்கில் எழுதிய கதைகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு, பேச்சுமொழியே ஒரு நிலைப்பாடாக இருக்க முடியும் என்பது எளிதில் விளங்கும், ரைட்டுக்கு விளங்கவில்லை. போராட்டமாகத் தெரியாத எதையும் இலக்கியமாக ஏற்க மறுப்பதும் ஒருவகையில் சாட்சி கேட்பதுதான்.

ஹர்ஸ்டன் 1950இல் மயாமியில் வீட்டு வேலை செய்தார். 1960 ஜனவரியில் ஃபோர்ட் பியர்ஸ் நகரில் அரசு ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார். நன்கொடை திரட்டி அடக்கம் செய்தார்கள். கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. அவருடைய காகிதங்களைக் குப்பையாக எரித்துக்கொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற காவல் அதிகாரி ஒருவர் தீயை அணைத்து மீட்டார். 1973இல் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அந்த ஊருக்குப் போய், ஹர்ஸ்டனின் அண்ணன் மகள் என்பதுபோல உறவு சொல்லிக்கொண்டு விசாரித்து, புதர் மண்டிய இடுகாட்டில் இடத்தைக் கண்டுபிடித்து, தம் செலவில் கல் நட்டார். ‘தெற்கின் மேதை’ என்று அதில் பொறித்தார். பிறந்த ஆண்டு 1901 என்றும் பொறித்தார். ஹர்ஸ்டன் பிறந்தது 1891இல். இளம்வயதில் படிப்பு தடைபட்டு, 1917இல் பால்டிமோரில் இலவசப் பள்ளியில் சேர வந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு; பதினாறு என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார், அதன்பின் வாழ்நாள் முழுவதும் வயதைக் குறைத்தே சொல்லிவந்தார். அன்று அவர் சொன்ன அந்தக் கணக்குத்தான் கல்லில் இருக்கிறது.